எளிய தமிழும் சமபந்தியும்: இரேனியஸின் நெல்லை வாழ்வு

முன்னுரை

குற்றால மலையில் தோன்றித் தென்காசியை ஒட்டி ஓடும் சிற்றாறு கிழக்கே சென்று தாமிரபரணியில் கலக்கிறது. 2019இல் தனி மாவட்டமாகும்வரை தென்காசி வட்டாரம் திருநெல்வேலியின் மேற்குப் பகுதியாகவே விளங்கியது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய நிலம் இது. குறவஞ்சி என்னும் அச்சிற்றிலக்கிய வகை பின்னர்க் கிறித்தவத் தமிழுக்கும் வடிவம் தந்தது. நெல்லையில் பிறந்து தஞ்சையில் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் 1800இல் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார்.

இருபது ஆண்டுகள் கழித்து அதே நெல்லைச் சீமைக்கு வந்த செருமானிய நற்செய்தியாளர் சார்லஸ் தியோபிலஸ் எவால்ட் இரேனியஸ் (1790–1838) வேறொரு வழியைத் தேர்ந்தார். சாஸ்திரியார் இசையையும் செய்யுளையும் நம்பினார். இரேனியஸ் எளிய உரைநடையை நம்பினார். சாஸ்திரியார் சாதி வழக்கத்தை உலகியல் ஒழுங்காகக் கருதினார். இரேனியஸ் அதனை நற்செய்திக்கு முரணானதாகக் கண்டார். மொழிபெயர்ப்பு, சாதி, குருப்பட்டம் என இரேனியஸ் ஈடுபட்ட மூன்று விவாதங்கள் பெரும்பாலும் தனித்தனியே பேசப்படுகின்றன. அவர் வாழ்வை முழுமையாக நோக்கும்போது அம்மூன்றும் ஒரே கொள்கையின் மூன்று விளைவுகள் என்பது புலனாகிறது. மறைநூலை எளியவரும் நேரே அறிந்து அதன்படி வாழ வேண்டும். இடையில் நிற்கும் எந்த வழக்கமும் அந்நூலின் முன் ஆராயப்பட வேண்டும் என்பதே அக்கொள்கை.

தொடக்கமும் தமிழ்க் கல்வியும்

இரேனியஸ் 1790 நவம்பர் 5 அன்று மேற்குப் பிரஷ்யாவின் கிராவ்டென்ஸ் கோட்டையில் பிறந்தார். பிரஷ்யப் படை அதிகாரியான தந்தையை இளமையிலேயே இழந்தார். பெர்லினில் யெனிக்கே நடத்திய அருட்பணிப் பள்ளியில் பயின்று, 1812இல் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த சர்ச் மிஷனரி சங்கம் அவரையும் ஷ்னாரேயையும் தென்னிந்தியாவுக்கு அனுப்பியது. இருவரும் 1814 சூலையில் சென்னையை அடைந்தனர். லுத்தரன் குரு ஒருவர் ஆங்கிலிக்கச் சங்கத்தின் ஊழியராக அமைந்த இந்நிலை அக்காலத்தில் வியப்புக்குரியதன்று. ஆனால் பின்னாளில் எழுந்த பிளவின் வித்து இதிலேயே இருந்தது.

தரங்கம்பாடியில் சில மாதங்களும் சென்னையில் சில ஆண்டுகளும் பணியாற்றிய பின், பாளையங்கோட்டைப் படைக்குருவாக இருந்த ஜேம்ஸ் ஹஃப் விடுத்த அழைப்பை ஏற்று 1820 சூலையில் அங்குக் குடியேறினார். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் பதினான்கு ஆண்டுகள் தமிழ் நூல்களைப் பயின்றார். அப்பயிற்சியின் பயனாக 1834ஆம் ஆண்டளவில் அவருடைய தமிழ் இலக்கண நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. செய்யுள் வழக்கின் அருஞ்சொல்லாட்சியையும் கொச்சை வழக்கின் சிதைவையும் ஒருங்கே விலக்கி, கற்றோர் பேசியும் எழுதியும் வந்த தமிழை அந்நூல் தன் அடிப்படையாகக் கொண்டது. புவியியலைத் தமிழில் கற்பிக்க எழுந்த பூமிசாஸ்திரமும் அதே உரைநடைக் கொள்கையில் அமைந்தது.

மொழிபெயர்ப்பு விவாதம்

அக்காலச் சீர்திருத்தத் திருச்சபையினர் பபிரிசியஸின் விவிலிய மொழிபெயர்ப்பைப் போற்றி வந்தனர். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. மூலத்தின் சொல்லை நெருங்கித் தொடரும் அம்மொழிபெயர்ப்பு, தமிழ்த் தொடரமைப்பிலிருந்து பல இடங்களில் விலகுவதை இரேனியஸ் கண்டார். முதலில் திருத்தமாகத் தொடங்கிய அவரது முயற்சி, நாளடைவில் புதிய ஏற்பாட்டின் புதிய மொழிபெயர்ப்பாகவே வளர்ந்தது. மறைநூலை மொழிபெயர்ப்பதற்கான நெறிகளை விளக்கித் தனி நூல் ஒன்றையும் 1827இல் வெளியிட்டார். மூலத்தின் பொருளைத் தமிழின் இயல்பான நடையில் தருவதே உண்மையான பற்றுறுதி என்பது அந்நூலின் மையக் கருத்து.

தஞ்சைக் கிறித்தவரிடையே இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வெதிர்ப்பின் குரலாக வேதநாயகம் சாஸ்திரியார் விளங்கினார். பல்லாண்டுகளாக மனப்பாடமாகவும் வழிபாட்டு மொழியாகவும் நிலைபெற்ற சொற்களை மாற்றுவது நம்பிக்கையையே அசைக்கும் என அவர் அஞ்சினார். மறைநூல் திருத்தம், சாதி வழக்கத்தை ஒழிக்கும் முயற்சி, விழாக்களில் மலர்களை விலக்குதல், இசை மரபைக் குறைத்தல் ஆகிய நான்கையும் புதிய மிஷனரிகள் இழைத்த கொடுமைகளாக அவர் கண்டார். இவ்வெதிர்ப்பை வெறும் பழமைப்பற்று என ஒதுக்கிவிட இயலாது. வழிபாட்டு மொழி ஒரு சமூகத்தின் நினைவைத் தாங்குகிறது என்ற புரிதல் அதில் உண்டு. இரேனியஸ் நாளைய வாசகரை நோக்கினார். சாஸ்திரியார் நேற்றைய சபையைக் காத்தார். 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு பபிரிசியஸின் பாடத்தை அடித்தளமாகக் கொண்டமை, சாஸ்திரியார் தரப்பின் அச்சத்துக்கும் மதிப்பிருந்ததைக் காட்டுகிறது.

பந்தியும் சாதியும்

பாளையங்கோட்டையில் இரேனியஸ் தொடங்கிய உறைவிடப் பள்ளியில் மாணவர் அனைவரும் ஒரே சமையலை ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்பது விதி. உயர்சாதி மாணவர் தனிச் சமையல் வேண்டினர், இரேனியஸ் இணங்கவில்லை. மாணவர் வெளியேறியபோது, விதியைத் தளர்த்துவதைவிடப் பள்ளி குலைவதையே அவர் ஏற்றார். பின்னர் அவ்விதிக்கு உடன்பட்டோரைக்கொண்டு பள்ளி மீண்டும் நடந்தது.

முந்தைய தலைமுறை மிஷனரிகள் சாதியை மெல்ல மறையவிருக்கும் குடிமை வழக்கமாகக் கருதிப் பொறுத்திருந்தனர். சாஸ்திரியாரும் அந்நிலைப்பாட்டையே வலியுறுத்தினார். இரேனியஸோ திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர் அன்றாடப் பந்தியில் பிரிந்திருப்பது கோட்பாட்டுக்கே முரண் என்றார். ஓர் உணவுக்கூட விதி இவ்வாறு இறையியல் வினாவாக மாறியது.

ஊர்களும் சங்கங்களும்

அவர் காலத்தில் நற்செய்தி தனிமனிதர் வழியாக அன்றி, ஊர் ஊராகவும் உறவுக்குழுக்களாகவும் பரவியது. மதம் மாறியோர் நிலவுடைமையாளரின் நெருக்குதலுக்கு ஆளாயினர். அவர்களுக்கு இடம் தேடும் முயற்சியில் கிறித்தவக் குடியிருப்புகள் எழுந்தன. பிரஷ்யக் கோமகன் தோனா அளித்த நன்கொடையால் 1827இல் வாங்கப்பட்ட ஊர் அவர் பெயரால் தோனாவூர் ஆயிற்று. 1830இல் தோன்றிய தரும சங்கம், மக்களின் காணிக்கையைக்கொண்டு நிலமும் மனையும் வாங்கிச் சபைகளுக்கு உரிமையாக்கியது. கைம்பெண்களுக்கான உதவிநிதியும் உருவாயிற்று. 1830களின் நடுவில் அவர் பணியின்கீழ் இருந்தோர் பத்தாயிரத்தைக் கடந்தனர். அவர்களை அன்றாடம் வழிநடத்தியவர்கள் உபதேசியார்களான தமிழர்களே.

இங்கு ஒரு முரணும் உண்டு. அடைக்கலமாக எழுந்த ஊர்களில் பெரும்பாலும் ஒரே சமூகத்தினர் வாழ்ந்தனர். பள்ளிப் பந்தியில் உடைந்த சாதிக்கட்டு, மணவுறவிலும் குடியிருப்பிலும் நீடித்தது. காப்பதற்கென எழுப்பிய வேலி, கலப்பதற்குத் தடையாகவும் நின்றது.

குருப்பட்டமும் பிளவும்

உபதேசியார்களே சபையை நடத்தியபோதும் திருமுழுக்கும் திருவிருந்தும் வழங்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. எனவே அவர்களுள் தகுதியுடையோர்க்கு மிஷனரிகளே லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் அளிக்க வேண்டும் என இரேனியஸ் விரும்பினார். பேராயர் வழியாகவே பட்டம் அளிக்கப்பட வேண்டும் எனச் சங்கம் மறுத்தது. அவர் கேட்டது புதுமையன்று. 1733இல் தரங்கம்பாடியில் ஆரோனும் 1790இல் தஞ்சையில் சத்தியநாதனும் பேராயரின்றியே குருப்பட்டம் பெற்றவர்கள். சத்தியநாதன் பாளையங்கோட்டைச் சபையிலேயே பணியாற்றியவர். 1814இல் கல்கத்தாவுக்கும் 1835இல் சென்னைக்கும் பேராயர்கள் நியமிக்கப்பட்டபின், முன்பு பொறுத்துக்கொள்ளப்பட்ட வழக்கம் விதிமீறலாயிற்று.

1834இல் ஹார்ப்பர் என்ற ஆங்கிலிக்கக் குருவின் நூலுக்கு இரேனியஸ் எழுதிய மறுப்புரை, இங்கிலாந்துத் திருச்சபையின் அமைப்பையும் வழிபாட்டு முறைகளையும் வெளிப்படையாகக் குறைகூறியது. தன்னை ஆதரிக்கும் திருச்சபையைத் தன் ஊழியரே கண்டிப்பதைச் சங்கம் ஏற்கவில்லை. அவர் பணிநீக்கம் பெற்று 1835 சூனில் உடன்பணியாளருடன் பாளையங்கோட்டையை விட்டு ஆர்க்காட்டுப் பகுதிக்குச் சென்றார். உபதேசியார் பலரின் வேண்டுதலால் அதே ஆண்டு அக்டோபரில் திரும்பினார். அதனால் ஒரே சீமையில் இரு சபைகள் உண்டாயின. ஊர்கள் பிரிந்தன, கோயில்களும் மனைகளும் யாருடையவை என்ற பிணக்கு எழுந்தது. மனச்சான்றுக்கு உண்மையாயிருந்த ஒருவர், தாம் கட்டிய ஒருமை உடைவதற்கும் காரணமானார். இங்கிலாந்தில் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் போன்றோர் அவருக்காக வாதாடினர்.

பிணக்குத் தீருமுன்பே, 1838 சூன் 5 அன்று இரேனியஸ் பாளையங்கோட்டையில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 47. அவரோடு பிரிந்து சென்ற ஷாஃப்டர் பின்னர்ச் சர்ச் மிஷனரி சங்கத்தில் மீண்டும் இணைந்தார். இன்றைய தென்காசி மாவட்டத்தில் அமைந்த நல்லூரை மையமாகக்கொண்டு அவர் பணியாற்றினார். சிற்றாற்றுப் பகுதியில் நல்லூரும் சுரண்டையும் அச்சங்கத்தின் நிலையங்களாக வளர்ந்தன. பிளவுண்ட கூட்டத்தின் உழைப்பு இவ்வாறு மேற்குப் பகுதியில் ஒன்றுபட்ட சபைக்குப் பயன்பட்டது.

முடிவுரை

இரேனியஸ் எழுப்பிய மூன்று வினாக்களும் வெவ்வேறு முடிவுகளை எய்தின. அவர் கைக்கொண்ட எளிய உரைநடை, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பாடநூலாக்கத்துக்கு முன்மாதிரியாயிற்று; அவரது மறைநூல் பாடமோ வழக்கொழிந்தது. குருப்பட்ட வினா 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது விடைபெற்றது. பேராயர் கையால் பட்டம் பெறாத குருமாரும் மறுபட்டமின்றி அதில் ஏற்கப்பட்டனர். அவ்வொன்றிப்புக்கான பேச்சு 1919இல் தொடங்கிய இடம், ஆரோன் பட்டம் பெற்ற தரங்கம்பாடியே. அதனை முன்னெடுத்தவருள் ஒருவர் நெல்லைச் சீமை ஈன்ற பேராயர் அசரியா. பள்ளிப் பந்தியில் இரேனியஸ் எழுப்பிய சாதி வினா மட்டும் பந்தியோடு முடியவில்லை. ஒரே உணவைப் பகிர்ந்தோர் ஏன் உறவைப் பகிரவில்லை என்ற அவ்வினா, தமிழ்க் கிறித்தவ வரலாற்று ஆய்வில் இன்றும் விடை வேண்டி நிற்கிறது.