கே. எஸ். கிருஷ்ணன்

சர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் (1898 - 1961) தமிழகத்தைச் சேர்ந்த இயற்பியல் அறிஞர் ஆவார். சி. வி. இராமனின் துணை ஆய்வாளர் என்றே பரவலாக அறியப்படுகிறார். ஆயினும் கரிமப் படிகங்களைப் பற்றிய ஆய்வுகளே அவருடைய தனித்த பங்களிப்பு எனலாம். கைபேசித் திரைகளில் இன்று ஒளிரும் கரிமப் பொருட்களுக்கு முன்னோடியான ஆந்த்ரசீனை அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

இளமை

அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த வத்திராயிருப்பில் டிசம்பர் 4, 1898 அன்று பிறந்தார். (இவ்வூர் 1910 இல் இராமநாதபுரம் மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது, தற்போது விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது.) திருவில்லிபுத்தூரிலும் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். 1923 இல் கல்கத்தாவில் இராமனிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

இராமன் விளைவு

1928 பிப்ரவரித் தொடக்கத்தில் கிருஷ்ணன் ஆந்த்ரசீன் ஆவியின் ஒளிர்வை ஆராய்ந்தார். அவ்வொளி முனைவாக்கம் பெற்றிருக்கவில்லை. அடுத்த சில நாட்களில் நீர்மங்களில் கண்ட, நிறம் மாறிச் சிதறிய ஒளியோ வலுவாக முனைவாக்கம் பெற்றிருந்தது. ஆகவே அது வழக்கமான ஒளிர்வு அன்று, புதியதொரு சிதறல் என்பது தெளிவாயிற்று. நேச்சர் இதழில் மார்ச் 31, 1928 அன்று வெளியான குறிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930 ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அவருடைய நாட்குறிப்பே இதில் முதன்மையான சான்று.

படிக ஆய்வுகள்

1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சென்றார். அங்கு நாப்தலீன் (அந்துருண்டை செய்யப் பயன்படுவது), ஆந்த்ரசீன் முதலியவற்றின் படிகங்களை மெல்லிய குவார்ட்சு இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை திரும்பும் விதத்தை அளந்தார். பென்சீன் வளையங்களாலான தட்டை மூலக்கூறுகள் தம் தளத்திற்குச் செங்குத்தான திசையிலேயே மிகுந்த எதிர்காந்தத் தன்மை காட்டும். எனவே படிகத்தினுள் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்துள்ளன என்பதை இவ்வளவீட்டிலிருந்து கணிக்க முடிந்தது. எளிய கருவியால் பெற்ற நுட்பமான முடிவு இது. 1933 இல் கல்கத்தா திரும்பினார். பி. கே. சேஷனுடன் சேர்ந்து, இத்தகைய படிகங்கள் ஒளியை உட்கவர்வதும் உமிழ்வதும் திசைக்கேற்ப மாறுவதை ஆராய்ந்தார்.

பிற்காலம்

1940 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1942 இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும், 1947 இல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகவும் பொறுப்பேற்றார். 1954 இல் பத்ம பூஷண் விருது பெற்றார்.

ஒளிர்திரைகளுடன் தொடர்பு

கிருஷ்ணன் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1963 இல், மார்ட்டின் போப் குழுவினர் ஆந்த்ரசீன் படிகத்தில் ஏறத்தாழ 400 வோல்ட் மின்னழுத்தம் செலுத்தி அதை ஒளிரச் செய்தனர். 1987 இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான்ஸ்லைக் ஆகியோர் இரு மெல்லிய கரிமப் படலங்களைக் கொண்டு 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் ஒளி பெற்றனர். இவ்வகைத் திரைகளில் உண்டாகும் ஒளியின் பெரும்பகுதி படலங்களுக்குள்ளேயே சிக்கி வீணாகிறது. ஒளி உமிழும் மூலக்கூறுகள் படலத்திற்கு இணையாகப் படுத்திருந்தால் வெளிவரும் ஒளி கூடும். அதனால் மூலக்கூறின் சாய்வு, கிருஷ்ணன் டாக்காவில் அளந்த அதே பண்பு, இப்பொருட்களை வடிவமைப்போர் கணக்கிடும் அளவுகளுள் ஒன்றாக உள்ளது.