வார்ஸா நகரின் முதிய வைத்தியர்

போலந்து தேசத்தின் தலைநகராகிய வார்ஸாவிலே, இரண்டாம் உலகப் போரின்போது யூத மக்கள் பட்ட பாட்டை அறிய விழைவோரை வழிகாட்டிகள் கால்நடையாகவே தெருத்தெருவாய் அழைத்துச் செல்வது இக்கால வழக்கம். பழைய வீதிகளுட் பல அழிந்தொழிந்தன. யூதரை அடைத்து வைத்த மதில் நின்ற இடத்தைத் தரையிற் பதித்த இரும்புப் பட்டைகளே காட்டுகின்றன. நாம் அந்நகரைக் கண்ணாற் கண்டிலேம். நூல்வழியும் படவழியும் நடந்ததே நம் நடை. எனினும், அவ்வழி செல்வோர் ஒருவர் பெயரைக் கேளாது மீளுதல் அரிது. அவரே யானுஷ் கொர்ச்சாக்.

அஃது அவர் புனைபெயர். இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். பிறந்த நாள் ஜூலை 22. ஆண்டு 1878ஓ 1879ஓ என்பது தெளிவில்லை. தந்தையார் பதிவு செய்யத் தாழ்த்துவிட்டார். பெயர் பெற்ற வழக்கறிஞராகிய அத்தந்தை சித்தங் கலங்கி 1896இல் இறக்கவே, மைந்தர் பிறர் பிள்ளைகட்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். பின் மருத்துவம் பயின்று 1905இல் தேறி, ஸ்லிஸ்கா தெருவிலிருந்த யூதக் குழந்தைகள் மருத்துவமனையில் அமர்ந்தார். செல்வரிடம் கை நிறையப் பெற்று, வறியோர்க்கு இலவசமாக மருந்தளித்தார் என்ப. மணஞ் செய்துகொள்ளவில்லை.

1912இல் குரோக்மால்னா தெருவில் யூத அநாதைச் சிறார்க்கென ஓர் இல்லம் எழுந்தது. வைத்தியர் அதன் தலைவராயினார். ஸ்தெபானியா வில்சின்ஸ்கா என்னும் அம்மையார் அதனை நாடோறும் நடத்தினார். அவ்வில்லத்திற் சிறுவரே நீதிபதிகளாய் அமர்ந்த மன்றமொன்று இருந்தது. அதன் சட்டத்தில் முதற்கண் நின்ற தொண்ணூற்றொன்பது விதிகளும் மன்னிக்கும் விதிகளே. நூறாவதிலேதான் மன்னிப்பு நின்றுபோகும். ஆயிரமாவது விதியே இல்லத்தைவிட்டு நீக்குவது. வைத்தியரும் அம்மன்றத்தின் முன் குற்றவாளியாய் நின்றதுண்டு. நம் விடுதியிலும் இத்தகைய மன்றம் ஏற்பட்டாற் காவலர்களுள் யார் முதலில் நிறுத்தப்படுவார் என்று நண்பர் ஒருவர் வினவினார். விடையை ஈண்டு அச்சிடுதல் தகாது.

மாத்தியுஷ் என்னும் சிறுவன் அரசனாகிய கதையை அவர் எழுதியது 1923இல் வெளிவந்தது. 1926இற் சிறாரே எழுதும் பத்திரிகையொன்றைத் தொடங்கினார். வானொலியில் முதிய வைத்தியர் என்னும் பெயரோடு பேசினார். பேசுபவர் யூதர் என்பதை நிலையத்தார் வெளிப்படுத்த விரும்பவில்லை.

1939 செப்டம்பரில் ஜெர்மானியர் புகுந்தனர். 1940 நவம்பரில் மதில் அடைக்கப்பட்டது. ஏறத்தாழ ஒன்றேகால் சதுர மைல் நிலத்தில் நாலு லட்சத்திற்கு மேற்பட்டோர் நெருக்குண்டனர். இல்லமும் மதிலுக்குள்ளே குவோத்னா தெருவிற்குப் பெயர்க்கப்பட்டது. அவ்வமயம் குழந்தைகளின் உருளைக்கிழங்கு வண்டியைக் காவலர் பறித்தனர். வைத்தியர், யூதர் அணிய வேண்டிய கைப்பட்டையை அணியாமலே ஜெர்மானிய அலுவலகஞ் சென்று வழக்காடினார், சிறையே கிடைத்தது. மீண்டபின் உடல் தளர்ந்தும், மூட்டை சுமந்து வீடுதோறும் இரந்து குழந்தைகளை ஊட்டினார்.

1942 ஜூலை 18இல், ஸியென்னா தெருவிலிருந்த இல்லத்தின் கடைசி இருப்பிடத்தில், குழந்தைகள் ஒரு நாடகம் ஆடினர். அது நம் இரவீந்திரநாத தாகூர் இயற்றிய தபால் நிலையம். நோயால் வெளியே செல்லத் தடையுண்ட சிறுவன், பலகணியருகே அமர்ந்து, அரசனிடமிருந்து வருங் கடிதத்தை எதிர்நோக்கியே கண் மூடுவது அதன் கதை. மரணத்தை அஞ்சாது ஏற்கக் குழந்தைகளைப் பழக்கவே வைத்தியர் இதனைத் தெரிந்தெடுத்தார் என்பர். இதனைப் படித்த இரவு நாம் நெடுநேரம் உறங்கவில்லை. பிள்ளைகட்கு நம்பிக்கையன்றோ ஊட்டுதல் வேண்டும், சாவைக் கற்பித்தல் தகுமோ என்று முதலில் அவரோடு பிணங்கினோம். பின், பசியாலும் காய்ச்சலாலும் மாண்டோரைத் தெருவிலே நாடோறும் கண்ட சிறார்க்குச் சாவு புதிய பாடமன்று என்பது புலப்பட்டது. எனினும் நம் பிணக்கு முற்றும் தீர்ந்ததென்று சொல்லோம்.

நான்கு நாள் கழித்து, ஜூலை 22இல், மக்களை ரயிலேற்றி அனுப்புதல் தொடங்கிற்று. வைத்தியரை மதிலுக்கு வெளியே ஒளித்துவைக்க நண்பர் பன்முறை முயன்றனர், அவர் இசையவில்லை. ஆகஸ்டு 4ஆம் நாள் அவர் நாட்குறிப்பில் இறுதியாக வரைந்தது, பூச்செடிகட்கு நீர் வார்க்கையில் பலகணிக்கு வெளியே துப்பாக்கியோடு நின்ற ஜெர்மானியக் காவலனைக் குறித்தே. அவன் போர்க்கு முன் நாட்டுப்புறத்தில் உபாத்தியாயனாய் இருந்தானோ என எண்ணிப் பார்க்கிறார். பகையென்பது அக்குறிப்பில் இல்லை.

மறுநாள் (அதற்கடுத்த நாளென்பாரும் உளர்) ஏறத்தாழ இருநூறு குழந்தைகள் அணிவகுத்து நடந்தனர். பச்சைக் கொடி பிடித்தனர் என்பர் சிலர். பாடினர் என்பர் சிலர். மௌனமாய்ச் சென்றனர் என்பர் வேறு சிலர். கண்டோரும் ஒருபடித்தாய்க் கூறவில்லையாதலின் நாம் ஒன்றையும் துணியோம். வைத்தியர் முன்னே நடந்தார் என்பதிற் கருத்து வேற்றுமை இல்லை. வில்சின்ஸ்கா அம்மையாரும் உடன் சென்றார். பாலஸ்தீனத்தில் வாழச் சென்றிருந்த அவர், போருக்குச் சில திங்கள் முன் 1939இல் தாமாகவே குழந்தைகளிடம் திரும்பி வந்தவர். அவர் பெயரை உலகம் அருகியே சொல்லுகிறது. இது நமக்கு மனக்குறையே.

ஸியென்னா தெருவில் அவ்வீடு நின்ற பக்கத்திற் பின்னாளில் எழுந்த பண்பாட்டு மாளிகையே இன்று வானளாவி நிற்கிறது. அங்கிருந்து ஸ்தாவ்கி தெருவிலுள்ள ரயில் முற்றம்வரை நடப்பதே வழிகாட்டிகள் காட்டும் வழிகளுட் கொடிது. முற்றமிருந்த இடத்தில் 1988இல் வெண்ணிறச் சுவரால் நினைவிடம் அமைத்தனர். வண்டி சென்றடைந்த திரெப்ளிங்காவில், எரிக்கப்பட்டோர் நினைவாகப் பதினேழாயிரம் கற்கள் நாட்டியுள்ளனர். அவற்றில் ஊர்ப் பெயர்கள் பொறித்தவை உள. தனி மனிதர் பெயர் தாங்கியது ஒன்றே. அக்கல்லிற் கொர்ச்சாக்கின் பெயரும், உடன் குழந்தைகளும் என்னும் பொருள்படும் சொற்களும் உள. குழந்தைகளின் பெயர்கள் அதில் இல்லை.