பம்மல் சம்பந்த முதலியார்

பம்மல் சம்பந்த முதலியார் (பெப்ரவரி 1, 1873 - செப்டம்பர் 24, 1964) தமிழ் நாடகாசிரியர், நடிகர், வழக்கறிஞர் மற்றும் நீதிபதி ஆவார். தற்காலத் தமிழ் நாடகத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அமலாதித்யன் என்னும் பெயரில் தமிழாக்கி, அதன் தலைமைப் பாத்திரத்தைத் தாமே ஏற்று நடித்தார்.

வாழ்க்கைக் குறிப்பு

சென்னையில் விஜயரங்க முதலியார், மாணிக்கவேலு அம்மாள் ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர் சட்டம் படித்து வழக்கறிஞரானார். 1924 முதல் 1928 வரை சென்னை சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகப் பணியாற்றினார்.

சுகுண விலாச சபை

அக்காலத்தில் கற்றோர் மேடையேறுவது இழிவாகக் கருதப்பட்டது. நடிகர்களைக் கூத்தாடிகள் என்று ஏளனம் செய்தனர். 1891 இல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவினரின் தெலுங்கு நாடகத்தைக் கண்ட சம்பந்தம், அவ்வாண்டு சூலை 1 அன்று நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் ஊதியமின்றி அதில் நடித்தனர். பாடல்களே நிறைந்திருந்த தமிழ் மேடையில் உரைநடை உரையாடல் வேரூன்ற இச்சபை வழிவகுத்தது.

ஆங்கில நாடகங்களின் தழுவல்

16 ஆம் நூற்றாண்டின் இறுதியில், தாமஸ் கிட் போன்றோரால் பழிவாங்கல் நாடகம் ஆங்கில மேடையில் தனி வகையாக வளர்ந்தது. ஹாம்லெட் அம்மரபில் தோன்றியதெனினும், தந்தையின் கொலைக்குப் பழிவாங்க வேண்டிய இளவரசன் செயலில் இறங்காது ஐயத்திலும் துயரிலும் உழல்வதால் அதிலிருந்து வேறுபட்டது. சம்பந்தம் கதைமாந்தரின் பெயர்களைத் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றினாரேயன்றி இந்த மனப்போராட்டத்தை மாற்றவில்லை. மக்பெத் நாடகத்தை மகபதி என்றும், வெனிஸ் நகர வணிகனை வாணீபுரத்து வணிகன் என்றும் தமிழில் தந்தார். முன்னது குற்றவுணர்வால் அழியும் நாயகனையும், பின்னது அவமதிப்புக்கு வஞ்சம் தீர்க்கத் துடிக்கும் கடன்காரனையும் தமிழ் மேடைக்கு அறிமுகம் செய்தன.

மனோகரா

1895 இல் அரங்கேறிய மனோகரா இவரது புகழ்பெற்ற நாடகமாகும். தந்தையான மன்னன் வசந்தசேனையிடம் மயங்கித் தாயைப் புறக்கணிக்க, இளவரசன் மனோகரன் சினத்தை அடக்கிக் காத்திருக்கிறான். ஹாம்லெட்டைத் தடுப்பது அவனது ஐயம். மனோகரனைத் தடுப்பது தாய்க்குக் கொடுத்த வாக்கு. அடக்கப்பட்ட சினம் சங்கிலியை அறுக்கும் காட்சியில் வெடிப்பதே இந்நாடகத்தின் உச்சமாகும்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பயிற்சி பெற்ற டி. கே. சண்முகமும் மனோகரனாக நடித்துப் புகழ் பெற்றார். 1936 இல் வெளியான திரைப்படத்தில் சம்பந்தமே மன்னனாக நடித்தார். மு. கருணாநிதியின் உரையாடலுடன் 1954 இல் வெளிவந்த படத்தில் சிவாஜி கணேசன் மனோகரனாகவும் கண்ணாம்பா தாயாகவும் நடித்தனர். அப்படத்தின் வாயிலாக, நாடகம் காணாத தலைமுறையினரும் மனோகரனை அறிந்தனர்.

சிறப்புகள்

இந்திய அரசு 1959 இல் பத்ம பூஷண் விருது வழங்கியது. நாடக மேடை நினைவுகள் என்னும் நூலில் தம் அனுபவங்களை விரிவாகப் பதிவு செய்துள்ளார். இவரது சபாபதி நாடகம் 1941 இல் திரைப்படமாயிற்று. நடிப்பை இழிவெனக் கருதிய சமூகத்தில் நீதிபதி ஒருவர் இறுதிவரை நாடகக்காரராகவே தம்மை நிலைநிறுத்திக்கொண்டமை, கற்றோர் பலர் மேடையேறத் துணிவளித்தது.