ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம்

ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் (ஜூலை 31, 1858 - ஜூலை 15, 1936) இந்தியாவில் பணியாற்றிய நிலவியலாளர் ஆவார். நிலநடுக்க அலைகளின் வகைகளைப் பதிவுகளில் வேறுபடுத்திக் காட்டியவர். புவிக்குக் கருவம் உண்டு என்பதற்கு நிலநடுக்கப் பதிவுகளிலிருந்து முதற்சான்று அளித்தவர்.

வாழ்க்கைச் சுருக்கம்

ஓல்டாம் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். இவரது தந்தை தாமசு ஓல்டாம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் கண்காணிப்பாளர். 1879 இல் ஓல்டாமும் அத்துறையில் சேர்ந்தார். தந்தை தொகுத்து வைத்திருந்த இந்திய நிலநடுக்கங்களின் பட்டியலை 1883 இல் பதிப்பித்தார். 1903 இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார்.

அசாம் நிலநடுக்கம்

1897 ஜூன் 12 அன்று மாலை சில்லாங் மேட்டுநிலத்தில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இதன் அளவு ஏறத்தாழ 8 எனக் கணிக்கப்படுகிறது. சுமார் 1,500 பேர் உயிரிழந்தனர்; சில்லாங்கின் கற்கட்டடங்கள் தரைமட்டமாயின. கற்பாறைகள் நிலத்திலிருந்து மேலே தூக்கி எறியப்பட்டிருந்ததை ஓல்டாம் பதிவு செய்தார். அதிர்வின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தை விஞ்சியிருந்தது என்பதற்கு இது சான்றாகும். இவரது விரிவான அறிக்கை 1899 இல் வெளியானது.

அலைகளும் கருவமும்

தொலைவிலுள்ள நிலநடுக்கப் பதிவுகளில் முதன்மை அலைகள், அவற்றின் பின் வரும் இரண்டாம் நிலை அலைகள், மேற்பரப்பு அலைகள் ஆகிய மூன்றையும் இவர் பிரித்தறிந்தார். முதலிரண்டும் புவியின் ஊடாகச் செல்பவை. மிகத் தொலைவான இடங்களுக்கு அவை எதிர்பார்த்ததை விடத் தாமதமாக வருவதைக் கொண்டு, புவியின் நடுவில் வேறு தன்மையுடைய கருவம் உண்டு என 1906 இல் முடிவு செய்தார். கருவத்தின் வெளிப்பகுதி நீர்ம நிலையில் உள்ளது என்பதை 1926 இல் அரோல்டு செப்ரீசு நிறுவினார்.

தட்டுப் புவிப்பொறையியலும் ஓல்டாமும்

நிலநடுக்கங்களின் அலைகளை ஆராய்ந்த ஓல்டாம், அவற்றுள் பெரும்பாலானவை ஏன் குறிப்பிட்ட வரிசைகளில் நிகழ்கின்றன என்பதற்கான விடையை அறியாமலே மறைந்தார். அவ்விடையைத் தரும் தட்டுப் புவிப்பொறையியல் கோட்பாடு 1960களில்தான் உருவானது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வேகத்தில் வடக்கு நோக்கி நகர்ந்து யூரேசியத் தட்டுடன் மோதுகிறது. எல்லையில் பாறைகள் உராய்வினால் பிணைந்து நிற்பதால் தகைவு சேர்கிறது. பிணைப்பு அறுபடும்போது நிலம் நடுங்குகிறது.

சில்லாங் மேட்டுநிலம் இமயமலை எல்லைக்குச் சற்றுத் தெற்கே, அம்மோதலின் அழுத்தத்திற்கு உட்பட்ட பகுதியில் உள்ளது. பழைய நில அளவைத் தரவுகளை மீண்டும் ஆராய்ந்த அறிஞர்கள், 1897 இல் மேட்டுநிலத்தின் வட விளிம்பு குறைந்தது 11 மீட்டர் உயர்ந்தது என 2001 இல் கணித்தனர். அதற்குக் காரணமான புதைந்த பிளவுக்கு ஓல்டாமின் பெயரைச் சூட்டினர்.

பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணி போன்ற தமிழக உள்நாட்டு ஊர்கள் தட்டு எல்லைகளிலிருந்து வெகு தொலைவில் உள்ளன. ஆகவே அங்கு பெரும் நிலநடுக்கங்கள் அரிது. எனினும், தட்டின் உட்பகுதியிலும் பழைய பிளவுகள் அசையக்கூடும். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட நிலநடுக்கம் இதற்கு எடுத்துக்காட்டு.

சிறப்புகள்

ஓல்டாம் 1908 இல் லயல் பதக்கம் பெற்றார். 1911 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்வு செய்யப்பட்டார். 1920 முதல் 1922 வரை இலண்டன் நிலவியல் கழகத்தின் தலைவராக இருந்தார்.