யார் இந்த ஹியூ பிராட்னர்? நனைந்தாலும் குளிராத டைவிங் உடை வந்த கதை!

குளிர்கடலில் ஸ்கூபா டைவர்கள் போடும் வெட்சூட்டுக்குள் தண்ணீர் புகத்தான் செய்யும். அப்புறம் எப்படி குளிர் தாங்குது? விடை கண்டுபிடித்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர். 1915ல் நெவாடாவில் பிறந்தவர். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர்!

அதுவரை உடம்பு நனையவே கூடாது என்று ரப்பர் உடை போட்டார்கள். கிழிந்தால் அவ்வளவுதான், ஐஸ் தண்ணீர் உள்ளே. 1951ல் பிராட்னர் மாத்தி யோசித்தார். நனைந்தால் நனையட்டும், உடைக்குள் வாயுக் குமிழிகள் இருந்தால் உடல் வெப்பம் வெளியே போகாது. அதற்குக் கைகொடுத்தது நியோப்ரின் நுரை ரப்பர். உள்ளே புகும் தண்ணீர்தான் கதகதப்பு தருது என்று இன்னமும் பலர் நம்புவது தப்பு. உடை லூஸாக இருந்தால் அதே தண்ணீர் வெப்பத்தை அள்ளிட்டுப் போயிடும்.

காப்புரிமை அவரிடம் இல்லை. வெட்சூட் வியாபாரத்தில் பெயர் வாங்கியது ஜாக் ஓ'நீல் போன்றவர்கள். பிராட்னர் 2008ல், 92 வயதில் காலமானார்.