சித்தூர் அருகே சாய்ந்த வாள்

வேலூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் வரும் நம்மில் பலர் சித்தூரை உறக்கத்திலேயே கடந்துவிடுகிறோம். மைசூர் ஐதர் அலி உயிர் நீத்தது அவ்வூரின் அருகில்தான் என்பதை, நானும் இங்குப் படிக்க வந்த பின்னரே அறிந்தேன்.

எழுதப் படிக்க அறியாத அவர், மைசூர்ப் படையில் சிறு பதவியிலிருந்து உயர்ந்தவர். 1755இல் திண்டுக்கல்லின் பவுஜ்தாராகி, பிரெஞ்சுக்காரரின் துணையோடு அங்கே ஆயுதச்சாலை அமைத்தார். 1761இல் ஆட்சியையே கைப்பற்றினார்; உடையாரைப் பெயருக்கு மட்டும் அரியணையில் விட்டுவைத்தார். இது புரட்சியா, துரோகமா? இரண்டும் கலந்ததென்றே எனக்குத் தோன்றுகிறது. 1769இல் சென்னையின் வாயில்வரை சென்று, கும்பினியாரை உடன்படிக்கைக்கு இணங்கவைத்தார்.

அத்தகையவரை வீழ்த்தியது முதுகில் தோன்றிய கட்டி. 1782 டிசம்பர் 7ஆம் நாள், நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் உயிர் பிரிந்தது. மைந்தர் திப்புவோ தொலைவில், மலபார்ப் போர்முனையில்! செய்தி பரவினால் படை கலைந்துவிடும். ஆதலின் பூர்ணய்யா முதலிய அமைச்சர்கள் உடலைப் பெட்டியில் வைத்து, கருவூலப் பொருள்போலக் கோலாருக்கு அனுப்பினர். பாசறையில் அலுவல்கள் வழக்கம்போல் நடந்தன. இரகசியம் கசிந்தது, சதியும் முளைத்தது, அதையும் அடக்கினர். திப்பு வந்து சேர்ந்தபோது படை கலையாமல் காத்திருந்தது. கோலாரில் வைத்த உடல் பின்னர்ச் சீரங்கப்பட்டணம் சென்று அடங்கியது.