எரிக் ஹாஸ்கிங்: இழந்த கண்ணும் எடுத்த படங்களும்

இருபதாம் நூற்றாண்டின் பறவை ஒளிப்படக்கலை வரலாற்றில் இங்கிலாந்தைச் சேர்ந்த எரிக் ஹாஸ்கிங்கிற்கு (1909–1991) தனியிடம் உண்டு. அமர்ந்திருக்கும் பறவையின் உருவத்தைப் பதிவு செய்வதாக இருந்த அக்கலையைச் செயலில் ஈடுபட்டிருக்கும் பறவையை நோக்கித் திருப்பியவர்களுள் இவர் முதன்மையானவர். இம்மாற்றத்திற்கு அவர் கொடுத்த விலை பெரிது.

லண்டனில் பிறந்த ஹாஸ்கிங் இளமையிலேயே ஒளிப்படத்தில் ஈடுபாடு கொண்டு, பின்னர் அதனையே தொழிலாக ஏற்றார். அக்காலத்தில் ஆந்தை, கழுகு போன்ற இரைகொல்லிப் பறவைகளை அவற்றின் கூட்டருகே மட்டுமே படமெடுக்க முடிந்தது. துணியாலான மறைவிடம் சில நாட்களில் படிப்படியாகக் கூட்டை நோக்கி நகர்த்தப்படும். கலைஞருடன் வரும் துணைவர் அவரை உள்ளே விட்டுத் திரும்பிச் செல்வார். அதைக் காணும் பறவை, வந்தவர் போய்விட்டார் எனக் கருதி இயல்பாக நடந்துகொள்ளும். ஆயினும், சிறகசைவின் விரைவைப் பிடிக்கும் ஆற்றல் அன்றைய கருவிகளுக்குப் போதவில்லை.

1937ஆம் ஆண்டு வேல்ஸ் பகுதியிலுள்ள டோல்டவ்லட் என்னுமிடத்தில் பழுப்பு ஆந்தையின் கூட்டருகே அமைத்த மறைவிடத்திற்கு இரவில் ஏறியபோது, ஆந்தை ஓசையின்றிப் பாய்ந்து தன் நகத்தால் அவரது இடக்கண்ணைத் தாக்கியது. ஆந்தையின் சிறகு விளிம்பிலுள்ள சீப்பு போன்ற அமைப்பு காற்றின் ஒலியை அடக்குவதால், தாக்குதலை முன்னரே அறிய வழியில்லை. புண்ணில் தொற்று ஏற்பட்டது. மற்றக் கண்ணையும் இழக்க நேரும் என்ற நிலையில் இடக்கண் அகற்றப்பட்டது. ஆந்தை செய்தது தன் குஞ்சுகளைக் காக்கும் செயலே. ஹாஸ்கிங் ஆந்தைகளைப் படமெடுப்பதை அதன் பிறகும் கைவிடவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிலிப் ஹென்றி என்னும் வல்லுநரின் துணையோடு மின்னணு ஒளிவிளக்கை அவர் பறவைப் படங்களுக்குப் பயன்படுத்தினார். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த நேரமே ஒளிர்ந்த அவ்விளக்கு, பறக்கும் சிறகை அசைவற்றதாகக் காட்டியது. ஒளிக்கற்றை ஒன்றைப் பறவை கடக்கும்போது கருவி தானே இயங்கும் முறையும் கையாளப்பட்டது. அதனால் கலைஞரின் கண்ணும் கையும் தாமதிக்கும் இடத்தில் பறவையே தன்னைப் படமெடுத்துக்கொண்டது. இரையைக் கவ்விச் சிறகுயர்த்தி நிற்கும் கூகையை அவர் 1948இல் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. சிரில் நியூபெரியுடன் இணைந்து 1949இல் அவர் வெளியிட்ட நூல், பறவைகளின் செயலையே தன் தலைப்பிலும் கொண்டிருந்தது. 1950களில் கை மவுண்ட்ஃபோர்ட் தலைமையில் ஸ்பெயினின் கோட்டோ டோன்யானா பகுதிக்குச் சென்ற ஆய்வுப் பயணங்களிலும் அவர் பங்கேற்றுப் படமெடுத்தார்.

1970இல் வெளிவந்த அவரது தன்வரலாறு 'ஆன் ஐ ஃபார் எ பேர்ட்' எனப் பெயரிடப்பட்டது. அத்தலைப்பு சிலேடையாக அமைந்துள்ளது. பறவையைக் கூர்ந்தறியும் பார்வை என்பது ஒரு பொருள். பறவைக்காகக் கொடுத்த கண் என்பது மற்றொரு பொருள். கண்ணுக்குக் கண் என்னும் பழிவாங்கல் நெறியை நினைவூட்டும் அத்தொடரில் பழி நீங்கிப் பறவை இடம்பெறுகிறது. 1937க்குப் பின் அவர் எடுத்த ஒவ்வோர் ஆந்தைப் படமும் அத்தலைப்பின் இரு பொருளுக்கும் சான்றாகிறது. இரு கண்களாலும் காண இயலாத சிறகின் கணப்பொழுதை உலகிற்குக் காட்டியவர் ஒற்றைக் கண்ணுடைய கலைஞர் என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் உண்மையாகும்.